தரைக் கோடும் கணினிக் கண்ணாடியும்

பாக்கின்சன் நோய் முற்றிய சிலரை அவதானித்துப் பாருங்கள். சமதரையில் நடந்து வந்தவர் வாசலை அண்டியதும் திடீரென நின்றுவிடுவார். பாதங்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது போலிருக்கும். உடல் மட்டும் முன்னே சாயும். பலர் விழுந்து எலும்பு முறிவது இப்படித்தான். ஆனால் அதே ஆள் மாடிப்படியில் தடங்கலின்றி ஏறுவதையும் காணலாம். “படி ஏற ஏலுமாம், நடக்க மட்டும் ஏலாதாம்” என்று வீட்டார் சலித்துக்கொள்வதுண்டு. இது சோம்பலுமல்ல, நடிப்புமல்ல.

நாம் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பதில்லை. பழகிப்போன இந்த நடையை நடத்துவதில் மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்புத் திரள்களுக்குப் பெரும் பங்குண்டு. டோபமீன் என்ற இரசாயனம் குறையும்போது அவை தடுமாறுகின்றன. படியொன்று கண்ணில் பட்டாலோ, கால் அதைக் குறிவைத்து எழும்புகிறது. கண்வழி வரும் இக்கட்டளை மூளையில் வேறொரு பாதையால் செல்கிறது என்பதே பொதுவான விளக்கம்.

லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இல் வெளியிட்ட நூலில் இதனை விபரித்தார். நடைபாதைக்குக் குறுக்கே, ஓரடி வைக்கும் இடைவெளியில், தரையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் கீறிய கோடுகள் உதவின. நடக்கும் திசையில் நீளவாக்கிற் கீறியவை உதவவில்லை.

ஆனால் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் யார் கோடு கீறுவது? 1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்று கணினி உருக்களைக் காட்டும் கண்ணாடியை இதற்காகப் பரீட்சித்தது. வெறுந்தரையில் நடப்பவருக்குக் காலடியிற் பொருட்கள் கிடப்பதுபோலத் தோன்றும். அவற்றைத் தாண்டி அவர் நடப்பார். இன்றைய மெய்நிகர் கருவிகள் தலையில் மாட்டும் திரைக்குள் முழு உலகத்தையே காட்டுகின்றன. பாரிசவாதத்தின்பின் சிலர் இடப்பக்கத்தைக் கவனிப்பதேயில்லை; தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்கும். அவர்களது பார்வையை இடப்பக்கம் இழுக்க, அங்கே அசையும் ஒளியொன்றைத் திரையிற் காட்டலாம். தட்டின் இடவிளிம்பில் ஒட்டிய சிவப்பு நாடாவும் இதே நோக்கத்துக்குத்தான்.

கருவி வந்தால் நல்லதே. ஆயினும் அது வரும்வரை காத்திருக்க வேண்டுமென்று நாம் எண்ணவில்லை. பாரிசவாத நோயாளர் பற்றிய 72 ஆய்வுகளை கொக்கிரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. கையின் இயக்கத்தைப் பொறுத்தவரை, மெய்நிகர்ப் பயிற்சி வழமையான பயிற்சியிலும் மேலானதாகக் காணப்படவில்லை. வழமையான பயிற்சிக்கு மேலதிகமாகச் சேர்த்தபோதே பயன் தெரிந்தது. பயிற்சி நேரம் கூடியது காரணமாகலாம்.

பாக்கின்சன் நோயாளர் உள்ள வீட்டில் முதலில் அவர் எங்கே நின்றுபோகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வாசல், குசினி ஒடுக்கம், கட்டிலருகே திரும்புமிடம். அங்கே மூன்று நான்கு கோடுகள் போதும். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு வெள்ளை நாடா, மண்தரைக்குச் சுண்ணாம்பு. இடைவெளியை அவரது காலைக்கொண்டே அளவுங்கள். தடியோ கயிறோ போடவேண்டாம், தடக்கி விழுவார். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. இரண்டொரு நாள் பார்த்தபின் நிரந்தரமாகக் கீறலாம். இயன்மருத்துவர் ஒருவரைக் காண முடிந்தால் அவரிடமும் காட்டுங்கள்.

கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிமிர்ந்து நிற்கச் சொல்லி, பாரத்தை ஒரு காலுக்கு மாற்றுவித்து, பிறகு கோட்டைக் காட்டுங்கள். இருட்டில் கோடு தெரியாது. கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவில் ஒரு விளக்கு எரியட்டும்.