புல்வெளி கடந்த கூண்டு வண்டிகள்

வெள்ளைத் துணிக் கூண்டு போட்ட வண்டிகளைக் குதிரைகள் இழுத்துச் செல்ல, அவை வரிசையாகப் புல்வெளியைக் கடப்பதை ஆங்கிலத் திரைப்படங்களில் நாம் கண்டிருக்கிறோம். அமெரிக்காவில் குடியேறியோரின் அவ்வண்டிகள் எத்தகையவை? அவற்றில் சென்றோர் எதை நம்பிச் சென்றனர்? நான் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் புகழ்பெற்றது கானஸ்டோகா வண்டி. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியர்கள் 18-ஆம் நூற்றாண்டில் இதனை உருவாக்கினர். நான்கு முதல் ஆறு குதிரைகள் இதனை இழுத்தன. இதன் அடிப்பலகை படகைப் போல நடுவில் தாழ்ந்து, இரு முனைகளிலும் உயர்ந்திருக்கும். எனவே, ஏற்ற இறக்கங்களில் சரக்கு சரிந்து விழாமல் நடுவிலேயே தங்கியது. வண்டியோட்டி பெரும்பாலும் பக்கத்தில் நடந்தே சென்றார்.

ஆயினும், 1840-களில் ஆரிகன், கலிபோர்னியா நோக்கிச் சென்ற குடும்பங்கள் இப்பெரிய வண்டியைப் பெரும்பாலும் நாடவில்லை. ஏறத்தாழ 3,200 கி.மீ. வழிக்கு அதன் பாரம் ஒவ்வாது. சுமார் பத்தடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட பண்ணை வண்டியே அவர்களுக்கு உதவியது. மழை இறங்காதிருக்க, கூண்டின் கித்தான் துணியில் ஆளிவிதை எண்ணெய் பூசினர். இழுத்தவையும் பெரும்பாலும் எருதுகளே! அவை குதிரையைவிட மெதுவாக நடப்பவை. ஆனால் விலை குறைவு, வழியோரப் புல்லைத் தின்றே பாரம் இழுக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 24 கி.மீ. கடக்கலாம். வசந்த காலத்தில் புறப்பட்டால்தான் பனி விழுமுன் மலைகளைத் தாண்ட முடியும்.

சுமையிலும் கணக்கு வேண்டும். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஒருவருக்கு மாவு, பன்றியிறைச்சி, காப்பி, சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்த்து 390 பவுண்டு, அதாவது சுமார் 177 கிலோ தேவை என்றது. நால்வருக்கு 700 கிலோவைத் தாண்டுகிறது. வண்டி தாங்குவதோ ஏறக்குறைய ஒரு டன். கலப்பை, கருவி, படுக்கை அனைத்தும் மீதியில் அடங்க வேண்டும்.

அதே நூல் ஒரு குறுக்குவழியையும் கூறியது. அதை எழுதியபோது ஹேஸ்டிங்ஸ் அவ்வழியே சென்றதில்லை. 1846-இல்தான் பொதி விலங்குகளோடு அதைக் கடந்தார், வண்டியோடு அல்ல. அப்போது உடன் வந்த ஜேம்ஸ் கிளைமன், லாரமி கோட்டையில் டானர் குழுவினரைச் சந்தித்து, அவ்வழி வேண்டாம் என எச்சரித்தார். அவர்களோ நூலையே நம்பினர். மரம் வெட்டி வழி செய்வதிலேயே பல நாள்கள் கழிந்தன. சுமார் 65 கி.மீ. என்று சொல்லப்பட்ட உப்புப் பாலை இருமடங்கு நீண்டது. எருதுகள் பல தாகத்தால் ஓடிப்போயின. வண்டிகள் சில கைவிடப்பட்டன. சியரா நெவாடா மலையை அடைந்தபோது பனி வழியை மூடிவிட்டது. 87 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே பிழைத்தனர்.

1869-இல் கண்டம் கடக்கும் இருப்புப்பாதை இணைந்தபின் இவ்வண்டிகள் மெல்ல மறைந்தன. வழி நெடுக வாழ்ந்த ஷோஷோனி, லகோட்டா முதலிய மக்களோ தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். வண்டித் தடத்தின் இந்தப் பக்கத்தையும் நாம் மறத்தலாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பாடநூலைக் கை கழுவிய பின்பே என் தந்தை தொடுவார். அச்சில் வந்தது பொய்க்காது என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அப்படியே இருந்தது. ஹேஸ்டிங்ஸின் நூலில் உணவுக் கணக்கும் குறுக்குவழியும் ஒரே எழுத்தில்தான் அச்சாகியிருந்தன. எது கண்டறிந்தது, எது ஊகம் என்று எழுத்து காட்டிக் கொடுக்கவில்லை. எழுதியவர் அவ்வழி நடந்தவர்தானா என்று கேட்பது நூலுக்கு அவமதிப்பு ஆகாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை மூன்று முறை எடுக்கச் சொல்லும்போது நான் சலித்துக் கொண்டதுண்டு. இப்போது சலிப்பதில்லை.