காமெட் விழுந்தது ஜன்னலாலா?

நம்பிக்கை: உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட், சதுர ஜன்னல் வைத்ததால் நொறுங்கியது.

உண்மை: காமெட்டின் ஜன்னல்களுக்கு மூலைகள் வளைவாகத்தான் இருந்தன. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே விழுந்த விமானத்தைக் கடலிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிசல் தொடங்கியது கூரையில். ரேடியோ ஏரியலுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில், ஒரு ரிவெட் துளையருகே. தகட்டில் எங்கே வெட்டினாலும் அதன் மூலையில் இழுவிசை குவியும் என்பதால், ஜன்னல் கதையைப் பாதிப் பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: சோதிக்காமலே பறக்கவிட்டுவிட்டார்கள்.

உண்மை: அநியாயமான பழி. மேலே ஏறும்போது கேபின் உள்ளழுத்தத்தால் உப்பும், இறங்கும்போது சுருங்கும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போல, ஒரே தடவையில் ஒன்றும் செய்யாத விசை பல தடவையில் உடைத்துவிடும். இது தயாரித்தவர்களுக்கும் தெரியும். உடற்பகுதி ஒன்றை 16,000 தடவைக்கு மேல் உப்பவைத்துப் பார்த்தார்கள், தாங்கியது. வினை வேறிடத்தில் இருந்தது. அதே உடற்பகுதிக்கு, வலிமை பார்ப்பதற்காக, முன்பே இருமடங்கு அழுத்தம் கொடுத்திருந்தார்கள். அதில் மூலைகளில் இருந்த உலோகம் இம்மியளவு நீண்டது. அழுத்தத்தை விட்டதும் சுற்றியிருந்த உலோகம் அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. நெருக்கிய இடத்தில் விரிசல் எளிதில் பிறக்காது. ஆக, சோதனையே அந்த ஒன்றை மட்டும் உறுதியாக்கிவிட்டது! விற்ற விமானங்களுக்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்கப்படவில்லை. விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் வேறொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சோதித்தபோது, பறந்ததையும் சேர்த்து 3,057-ஆவது தடவையில் கிழிந்தது. எல்பா விமானம் தாங்கியது 1,290 பறப்புகள்தான்.

நம்பிக்கை: பழசானால்தான் உடையும்.

உண்மை: 1954 ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே விழுந்த இன்னொரு காமெட்டுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. கணக்கு வருடத்தில் இல்லை, தடவையில்.

நம்பிக்கை: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று போய்விட்டது.

உண்மை: மெக்கானிக்கிடம் நாம் எல்லோரும் சொல்வதுதான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 நடுவானில் கூரையின் ஒரு பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தீவு விட்டுத் தீவு போகும் குட்டிப் பயணங்களாக 89,680 பறப்புகளை முடித்த விமானம் அது. தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போய், துரு ஏறி, ரிவெட் வரிசை நெடுகிலும் விரிசல்கள் வளர்ந்திருந்தன. ஏறும்போதே பயணி ஒருவர் விமானத்தின் உடலில் விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.