இன்டெக்ஸ் 1.5ஐத் தாண்டினால்

அன்பு மகளே,

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், "நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று இதில் தெரிந்துவிடுமா?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். தெரியாது. இன்றைக்குச் சிகிச்சை முடிவை நேரடியாக மாற்றும் ரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் மருந்தின் ஆபத்தைத்தான் அளக்கின்றன.

நடாலிசுமாப் மருந்தையே எடுத்துக்கொள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி மூளைக்குள் நுழையாதபடி அது தடுக்கும். நோய் நன்றாக அடங்கும். கூடவே மூளைக்கு இருக்கும் காவலும் குறையும். பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஜே.சி. வைரஸ் உடலில் சத்தமில்லாமல் தங்கியிருக்கிறது. காவல் தளர்ந்தால் அது மூளைக்குள் பெருகி, பி.எம்.எல். என்ற உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றாக மாறலாம். 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தை, இதனால் 2005 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். பலன் பெரிது என்பதால் 2006இல் கடும் கண்காணிப்போடு அது திரும்பி வந்தது. ஆபத்து யாருக்கு அதிகம் என்று பிரித்துக் காட்டும் ஜே.சி. வைரஸ் ஆன்டிபாடி பரிசோதனைக்கு 2012இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது.

அந்த ஆன்டிபாடியின் அளவைத்தான் 'இன்டெக்ஸ்' என்று அறிக்கையில் போடுகிறார்கள். முன்பு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் எடுக்காத ஒருவர், நடாலிசுமாபில் ஆறாவது ஆண்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள். இன்டெக்ஸ் 0.9க்குள் இருந்தால் ஆபத்து 10,000 பேரில் சுமார் 6 பேருக்கு. 1.5ஐத் தாண்டினால் சுமார் 100 பேருக்கு. அதே 1.5க்கு மேற்பட்ட எண் முதல் ஆண்டில் வந்தால் 2 பேருக்குத்தான். காலத்தைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் தப்பாகிவிடும். நெகட்டிவ் என்று வந்தவரையும் விட்டுவிடாதே. இடையில் பாசிட்டிவ் ஆகக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

எண் ஏறிவிட்டதென்று பயந்து மருந்தைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. அடங்கிக் கிடந்த நோய் சில மாதங்களில் மூர்க்கமாகத் திரும்பலாம். அடுத்த மருந்து எது, எப்போது என்று முடிவு செய்துகொண்டுதான் மாற்ற வேண்டும்.

நோயையே அளக்கும் பரிசோதனையாக நியூரோஃபிலமென்ட் லைட் புரதத்தைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசிவது அது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் வயது ஏறினாலே அது ஏறும், தலையில் அடிபட்டாலும் ஏறும், உடல் பருமனானவர்களிடம் குறைத்துக் காட்டும். எம்.ஆர்.ஐ.யை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் நம்பி மருந்தை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

வார்டில் இன்டெக்ஸ் போட்ட அறிக்கை உன் கைக்கு வந்தால், நடாலிசுமாப் எத்தனை ஆண்டாக, இதற்கு முன் என்ன மருந்து என்று நோயாளியிடம் முதலில் கேள். கேட்டதை கேஸ் ஷீட்டில் எழுதி வை.

அன்புடன்,
பெரியம்மா