டி டிரைவும் அதே டிஸ்க்தான்: வீட்டுக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க் தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

கடந்த கல்வியாண்டில் ஒரு மாலை, எங்கள் பள்ளியில் படித்த முன்னாள் மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், அஞ்சாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல நான் ஆடி முடிச்சதும் எங்க அப்பா மேடைக்கு வந்து என்னைத் தூக்குனாரு. நீங்கதான் போட்டோ எடுத்தீங்க. அது இருக்குமா சார்? அப்பா போன வருஷம் தவறிட்டாரு. வீட்டுல அவர் படம்னு ஆதார் கார்டுல இருக்கறது மட்டும்தான்."

"இருக்கும்மா, நாளைக்கே தர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். பள்ளி நிகழ்ச்சிப் படங்கள், வினாத்தாள்கள், பாடத்துக்காக எடுத்த காணொளிகள் என்று எல்லாவற்றையும் என் வீட்டுக் கணினியில்தான் வைத்திருந்தேன். பாதுகாப்புக்காக சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று என இரண்டு பிரதிகளும் இருந்தன.

அன்று இரவு கணினியை இயக்கினால் உள்ளே போகவில்லை. பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். மறுநாள் காஞ்சிபுரத்தில் கணினி பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்றேன். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்" என்றார். "டி டிரைவில் இன்னொரு காப்பி இருக்கிறதே?" என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "ரெண்டும் ஒரே டிஸ்க்தானே சார்."

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கணினி பயன்படுத்தும் நான் அதை யோசித்ததே இல்லை. சி, டி, இ என்பவை பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே தட்டின் பிரிவுகள்தாம். ஒரே வீட்டில் மூன்று அறைகள் போல. வீடு இடிந்தால் மூன்றும் போகும். என்னைப் போலவே நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்காகவே, புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்தியபோது நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எது எதற்கு?

இன்று கடையில் இரண்டு வகை கிடைக்கும். முதலாவது, வன்தட்டு என்று நாம் சொல்லும் ஹார்ட் டிஸ்க். உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் மேலே மிதக்கும். ஓடும்போது கணினியைத் தட்டினாலோ நகர்த்தினாலோ ஆபத்து என்பது இதனால்தான்.

இரண்டாவது, எஸ்எஸ்டி. இதில் சுழலும் பாகமே இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற சில்லுகள்தாம். ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 முதல் 200 எம்பி வரை படித்தால், சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் படிக்கும். கணினி திறக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்குக் குறையும். பழைய மடிக்கணினி மெதுவாக இருக்கிறது என்று ஓரங்கட்டி வைத்திருப்பவர்கள், புதிது வாங்கும் முன் அதன் டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றிப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் வைக்கலாமா? எஸ்எஸ்டி பழுதாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. அதில் அழித்த கோப்பை மீட்பதும் கடினம். மின் இணைப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தால் பதிவு அழியவும் கூடும். எனவே விண்டோஸ் போன்ற இயங்குதளமும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில். படங்கள், காணொளிகள் போன்ற பெரிய சேமிப்பு ஹார்ட் டிஸ்க்கில். வீட்டுக் கணினிக்கு இந்த ஏற்பாடே சிக்கனமானது.

எவ்வளவு கொள்ளளவு?

கைப்பேசிப் படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 1 ஜிபியில் 250 படங்கள், 1 டிபியில் இரண்டரை இலட்சம் படங்கள். காணொளிதான் இடத்தை விழுங்கும். இயங்குதளத்துக்கு 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி, சேமிப்புக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஓர் ஆசிரியருக்குத் தாராளம்.

1 டிபி டிஸ்க்கைப் பொருத்தியதும் கணினி 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. நிறுவனம் 1 டிபி என்பதை 10¹² பைட், அதாவது ஓர் இலட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1 ஜிபியை 2³⁰ பைட், அதாவது 107,37,41,824 பைட் என்று எடுத்துக்கொள்கிறது. வகுத்துப் பார்த்தால் 931 வரும்.

வாங்கும் முன்

மேசைக் கணினிக்கு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், மடிக்கணினிக்கு 2.5 அங்குலம். சாட்டா வகை எஸ்எஸ்டியும் 2.5 அங்குல அளவில் வருவதால் இரண்டிலும் பொருந்தும். குச்சி போல இருக்கும் எம்.2 வகையை வாங்குவதானால், மதர்போர்டில் அதற்கான இடம் இருக்கிறதா, அது சாட்டாவை ஏற்குமா என்விஎம்இ வகையை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டே வாங்குங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

உத்தரவாதக் காலத்தை இரசீதில் எழுதி வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று வரும் பென் டிரைவ்களை நம்ப வேண்டாம். கணினியில் 2 டிபி என்று காட்டும். உண்மையில் சில ஜிபிக்கு மேல் எழுதியது எல்லாம் காணாமல் போகும்.

பொருத்தும் முறை

இது வீட்டுக் கணினிக்கு மட்டும். பள்ளியின் ஹைடெக் லேப் கணினிகளை நாமாகத் திறக்கக் கூடாது.

1. கணினியை நிறுத்தி, மின் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. டிஸ்க்கை அதற்குரிய தட்டில் வைத்து இருபுறமும் திருகுங்கள். ஹார்ட் டிஸ்க் ஆடக் கூடாது.

3. இரண்டு இணைப்புகள்: மதர்போர்டிலிருந்து வரும் மெல்லிய சாட்டா கேபிள், பவர் சப்ளையிலிருந்து வரும் அகலமான கேபிள். இரண்டுக்கும் எல் வடிவ முனை. ஒரு பக்கம்தான் நுழையும். அழுத்தித் திணிக்க வேண்டாம்.

4. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றுவதானால், அது முடியும்வரை பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். தவறுதலாகப் பழையதை அழித்துவிடும் வாய்ப்பே இருக்காது.

5. சேமிப்புக்கான புதிய டிஸ்க், பொருத்தியவுடன் 'திஸ் பிசி'யில் தெரியாது. ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'இனிஷியலைஸ்' என்று கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்வு செய்யுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் கையாளாது.

6. 'அன்அலோகேட்டட்' என்ற கறுப்புப் பட்டையில் வலது க்ளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து, என்டிஎஃப்எஸ் முறையில் 'குவிக் ஃபார்மேட்' செய்யுங்கள். ஏற்கெனவே கோப்புகள் உள்ள டிஸ்க்கை இங்கே தொட்டுவிடாதீர்கள். கொள்ளளவைப் பார்த்து எது புதியது என்று இருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடையில் நம் பக்கம் மின்தடை அடிக்கடி வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு சிதையும். மேசைக் கணினிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று அவசியம்.

டிஸ்க் திடீரென்று மெதுவானாலோ, டிக் சத்தம் கேட்டாலோ, மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். நான் அன்று இரவு பத்து முறையாவது இயக்கிப் பார்த்தேன். அது பழுதை அதிகமாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று பிரதிகள்

எந்த டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். ஆகவே முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று வெளியே செருகும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், ஒன்று வேறொரு இடத்தில், உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை கட்டணம் இல்லை. மாணவர் விவரங்கள் உள்ள கோப்புகளை மட்டும் கடவுச்சொல் இல்லாமல் எங்கும் வைக்காதீர்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கக் கூடாது. கணினியில் வைரஸ் வந்தால் அதையும் தாக்கும். நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை செருகிப் பிரதி எடுத்து, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றி வைக்கிறேன்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் செல்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை இன்றும் காண்கிறோம். கல்லில் எழுதியது ஆயிரம் ஆண்டு நின்றது. ஓலையில் எழுதியதோ செல்லரித்தது. அதைப் படியெடுத்துப் படியெடுத்துத்தான் காத்தார்கள். உ.வே. சாமிநாதையரால் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது, ஒரே நூலின் படிகள் பல ஊர்களில் பல வீடுகளில் இருந்ததால்தான். நம் டிஸ்க்கும் ஓலையைப் போன்றதுதான்.

வகுப்பறையில்

பழுதான டிஸ்க்கை நான் தூக்கி எறியவில்லை. நட்சத்திர முனைத் திருப்புளியால் திறந்து எட்டாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு சிலவற்றில் கண்ணாடியால் ஆனது, உடையும். ஆகவே ஆசிரியரே திறக்க வேண்டும்.

தட்டின் விட்டம் 9.5 செ.மீ. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. சுற்றளவைக் கண்டுபிடித்துப் பெருக்கி, விளிம்பின் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரில் மாணவர்களே கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 129 வந்தது. "பஸ்ஸை விட வேகமா சார்!" என்றான் ஒருவன். 931 ஜிபி கணக்கை அடுக்குகள் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள்தாம் என்பதையும் சொல்லுங்கள். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றே அதை நிரப்பிவிடும்.

அந்த மாணவிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான்கு நாள் தவித்தேன். பிறகு நினைவு வந்தது. எங்களுடன் பணியாற்றி, வேறு ஒன்றியத்துக்கு மாறுதலில் சென்ற டீச்சருக்கு வழியனுப்பு நாளில் பள்ளிப் படங்களை ஒரு டிவிடியில் எழுதிக் கொடுத்திருந்தேன். தொலைபேசியில் கேட்டேன். "பீரோவுல இருக்கும் சார், பார்க்கறேன்" என்றார். மறுநாள் படம் வந்தது. மேடையில் மகளைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்கிறார் அந்த அப்பா.

உத்திரமேரூர் பஜாரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படம் தப்பியது, அது இன்னொருவர் வீட்டு பீரோவில் இருந்ததால்தான். இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் கணினியில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சியும் டியும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், இந்த வாரமே ஒரு பிரதியை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.