கலங்கரை விளக்கமும் அதன் காப்பும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் வளர்ந்த மாணவர்க்கு ஏரி பழகியது. கடலோ விழாநாளிற் காணும் காட்சி. எனினும் அவர் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கே சென்று, சென்ட்ரல் நிலையம் கடந்து, உயர்நீதிமன்ற வளாகத்தை அடைவாராயின், செந்நிறக் கட்டடத்தருகே தனித்து நிற்கும் ஒரு கற்றூணைக் காண்பர். அது யாதென வினவுவார் சிலரே.

உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் எரிந்த விளக்கைக் கண்டு மரக்கலங்கள் துறையறிந்தமையைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். சென்னையில் 1796-ஆம் ஆண்டிலே, ஜார்ஜ் கோட்டையுள் இன்று அருங்காட்சியகமாயுள்ள கட்டடத்தின் மேல் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. 1844-இல் அது மேற்கூறிய டோரிக் தூணுக்கு மாறிற்று. 1892-இல் உயர்நீதிமன்றம் கட்டி முடிந்தபோது அதன் பெருங்கோபுரம் தூணினும் ஓங்கி நின்றமையால், 1894-இல் விளக்கு அதன் உச்சிக்கு ஏறியது. (நீதிமன்றமே மாலுமிகட்கு வழிகாட்டிய விந்தை வேறெங்கும் எளிதிற் காணோம்!) 1977-இல் மெரினாவிற் கட்டிய புதுக்கோபுரத்துக்குச் சென்றது.

விளக்குச் சென்றபின் தூணை யார் பேணுவர்? பணமும் ஆளும் புதிய விளக்கைத் தொடர்வன. பழைய தூணுக்கு மழையும் உப்புக்காற்றுமே துணை. அவ்வுப்பு ஈரத்தோடு கல்லிடுக்கிற் புகுந்து, உலருங்கால் உறைந்து பெருத்து, கல்லின் மேற்புறத்தை உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும்; சிமெண்டு அதனை உள்ளே அடைத்துவிடும். ஆதலின் வெடிப்புக் கண்டவுடன் சிமெண்டு பூசுவோர், காக்கும் எண்ணத்தோடே அழிவை விரைவிப்பவராவர்.

சில இடங்களிற் கடலே கட்டடத்தை விழுங்க வருகின்றது. அமெரிக்காவில் 1870-இல் எழுந்த ஹாட்டெராஸ் முனை விளக்கத்தை, அலை அணுகியமையால், 1999-இல் முழுதாகவே பெயர்த்து 2,900 அடி உள்ளே நகர்த்தினர். இடம் மாறினும் கட்டடம் பிழைத்தது.

மாமல்லபுரத்திலோ வினா இன்னும் நுண்ணியது. மகிடாசுரமர்த்தினி குகையின் மேற்பாறையிலுள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கற்றளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் கூரையே கப்பல்கட்கு விளக்குமேடையாயிற்று. விமானத்தின் மேற்பகுதி இன்று இல்லை. அதனைப் புதிதாகக் கட்டி முடித்தல் வேண்டுமென்பார் உளர். மூலவடிவத்தை ஊகித்தே கட்டுவதாயின் அது பல்லவர் பணியன்று, நம் பணியேயாம். மேலும் விளக்கேந்திய காலத்தின் சுவடும் அதனால் மறையும். உள்ள கல்லை உள்ளவாறே உறுதிசெய்தலே தக்கதென்பது எம் கருத்து. கடலோர்க்கு வேண்டும் ஒளியை, அக்கோயிலின் அயலே 1904-இல் எழுந்த கருங்கற் கோபுரம் தருகின்றது.