வேலை தொடங்குமுன் கூலி பேசுக

வீட்டிலிருந்தபடியே கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்திக் கொடுக்கும் வாலிபர்கள் இன்று அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கங்களிலும் உண்டு. "செஞ்சு கொடு தம்பி, பார்த்துத் தர்றேன்" என்பார் உறவினர். "சரி மாமா" என்பார் இவர். முடிவில் இருவர் மனமும் கசக்கும்.

இது இஜாரா எனும் கூலி ஒப்பந்தம். வேலையும் கூலியும் முன்பே தெரிந்திருப்பது இதன் நிபந்தனை. மூஸா (அலை) அவர்களிடம் மத்யன் நகரப் பெரியவர் எட்டாண்டு வேலையை நிபந்தனையாக்கி, மேலும் இரண்டாண்டை அவர்கள் விருப்பத்திற்கு விட்டதைத் திருமறையில் (28:27) காண்கிறோம். கடமை வேறு, உபகாரம் வேறு. எனவே எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், என்று தருவது என்பதைப் பேசிக் கொள்க.

தொகை எவ்வளவு? உதாரணமாக, 60 படங்களுக்கு 6 மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் என்றால் 480. மின்சாரமும் கணினித் தேய்மானமும் 60. ஆக 540, படத்திற்கு 9 ரூபாய். பழகுபவர் தம் தடுமாற்றத்தில் கழிந்த நேரத்தைப் பிறர் தலையில் கட்டலாகாது. தேர்ந்தவர் போல் காட்டி அதிகம் கேட்பதும் மோசடியே.

பேசாமலே வேலை முடிந்துவிட்டால்? தையற்காரரிடம் கூலி பேசாது துணி கொடுத்த மஸ்அலாவில், அவருக்குக் கூலியில்லை என்பதையே இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் முற்படுத்துகிறார்கள். அத்தொழிலில் அறியப்பட்டவராயின் உண்டு என்பது மற்றொரு சொல். புதியவருக்கு இதுவும் உதவாது. "பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தாலோ, அத்தகைய வேலைக்கு ஊரில் வழங்கும் கூலியான உஜ்ரத்துல் மிஸ்ல் கடமையாகிவிடும்.

வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதி என்பது புகாரியில் வந்துள்ளது. உறவினரும் இதை அஞ்சிக் கொள்க.