ஆய்வுக்கூடத்திலும் ஹாஸ்டலிலும் வாழும் விசுவாசம்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்றால் அது சபைக்கே செய்தி. ஆராதனை முடிந்ததும் சேகரத்து ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "பட்டணத்துக்குப் போறே, விசுவாசத்தைக் காத்துக்கோம்மா" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். சென்னையில் மின் பொறியியல் படித்த காலத்திலும், இப்போது வேலை பார்த்துக்கொண்டே மாணவர் ஜெபக்குழுக்களோடு பழகும்போதும் நான் கண்டது, அந்த அறிவுரைக்கு இன்னொரு பாதி உண்டு என்பது. பெட்டியில் பூட்டிக் காக்கிற விசுவாசம் முதல் செமஸ்டரிலேயே மங்கிவிடுகிறது. படிப்பிலும் அறையிலும் நட்பிலும் அதைப் புழங்கவிட்டவர்களிடமே அது நிலைக்கிறது.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் வேதாகமத்தில் இருக்கிறது. அவர் புத்தகத்தின் 29-ஆம் அதிகாரம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிறார். அதே பாபிலோனில் தானியேல் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் ஊன்றிப் படித்தார். அரண்மனைச் சாப்பாட்டு விஷயத்தில் தன் முடிவில் உறுதியாகவும் நின்றார். ஊரைவிட்டு வந்து படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை. நான் கற்றவற்றை இனிச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம்

வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு அம்மா கூப்பிடுவார். ஹாஸ்டலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் நேரத்தையும் இடத்தையும் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். மெஸ்ஸில் காலைச் சாப்பாட்டுக்கு முன், ஸ்டடி ஹாலின் ஒரு மூலை என்பது எனக்குப் பொருந்தியது. செல்போனில் வாசிக்காமல் அச்சிட்ட வேதாகமத்தை வாசியுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் போதும், தியானம் கலைந்துவிடும்.

வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். நான்கு வருடப் படிப்பில் நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் முழு வேதாகமத்தையும் ஒருமுறை முடித்து, புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களை இரண்டாம் முறையும் முடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 16 அதிகாரங்களே உள்ள மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். சில நாள் விட்டுப்போனால் விட்ட அதிகாரங்களைச் சேர்த்துவைத்து மலைக்க வேண்டாம். இன்றைய அதிகாரத்தை இன்று வாசியுங்கள்.

என் அறைத்தோழி இஸ்லாமியப் பெண். ரமலான் மாதத்தில் அவள் ஸஹருக்கு எழும்போது நானும் எழுந்துகொள்வேன். அவள் தொழுவாள், நான் வேதம் வாசிப்பேன். ஒருவர் ஜெபத்தை மற்றவர் மதித்த அந்த அறையில் எங்கள் இருவருக்குமே பக்தி எளிதாக இருந்தது.

ரெக்கார்டு நோட்டும் ஆண்டவரும்

கல்லூரியில் விசுவாசம் பெரிதும் சோதிக்கப்படும் இடம் எது என்று கேட்டால், ஆய்வுக்கூடம் என்பேன். டி.சி. ஷன்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட் செய்வோம். பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி, பெல்ட்டை இறுக்கி, ஸ்பிரிங் பேலன்ஸில் ரீடிங் எடுக்க வேண்டும். சுமை ஏற ஏற வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். ஆனால் பெல்ட் வழுக்கினால் ரீடிங் தாறுமாறாக வரும். அப்போது பலரும் செய்வது, போன வருட ரெக்கார்டைப் பார்த்து எண்களை மாற்றி, வரைபடத்தை அழகாக வளைத்துவிடுவது. அது ஒரு தவறாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

கள்ளத்தராசை ஆண்டவர் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் சொல்வதை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஸ்பிரிங் பேலன்ஸும் ஒரு தராசுதானே! வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதி, ஏன் பிசகியிருக்கலாம் என்று கீழே காரணம் எழுதினேன். மதிப்பெண் குறைந்தது, சோதனையை மறுபடி செய்யச் சொன்னார்கள். ஆனால் பிசகின் காரணத்தைத் தேடும் பழக்கம் அங்கேதான் வந்தது. இன்று என் வேலையின் பெரும்பகுதி அதுவே. அளவைத் திருத்தி எழுதப் பழகியவர் நாளை ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். அந்தப் பொய்க்கு விலை கொடுப்பவர் யாரோ ஒரு லைன்மேன். ஆகவே ரெக்கார்டு நோட்டில் நேர்மை என்பது பிறனை நேசிப்பதன் ஒரு பகுதி.

ப்ராக்ஸி கொடுப்பது, காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குவது, பிட் வைப்பது எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். தேர்வறையில் பேப்பரைக் காட்டச் சொல்லும் தோழியிடம் வெறுமனே மறுப்பது போதாது. சுயநலம் என்றுதான் படும். "ஹால்ல காட்ட மாட்டேன்டி, ஆனா இன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து சொல்லித் தரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி உட்காருங்கள். என் கூட்டத்தில் கோபம் தணிந்தது இப்படித்தான். சொல்லிக்கொடுத்ததில் எனக்கும் பாடம் தெளிந்தது.

ஞாயிறும் ஐக்கியமும்

சென்னையில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஆலயம் என்று சுற்ற வாய்ப்பு அதிகம். முதல் மாதத்துக்குள் ஒரு சபையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் கவனித்து விசாரிக்க ஒருவராவது இருக்கும் சபையாக அது இருக்கட்டும். லேடீஸ் ஹாஸ்டலில் அவுட்பாஸ் நேரம் குறைவு என்றால் காலை முதல் ஆராதனைக்குப் போங்கள். கேட் போன்ற தேர்வுகளும் வேலைவாய்ப்புத் தேர்வுகளும் ஞாயிற்றுக்கிழமையில் விழுவதுண்டு. அன்று மாலை ஆராதனை இருக்கும் சபையைத் தேடிக்கொள்ளுங்கள்.

சபையோடு மாணவர் ஐக்கியமும் வேண்டும். 1912-இல் தொடங்கிய எஸ்.சி.எம்., கத்தோலிக்க மாணவர்களுக்கான 1924-ஆம் ஆண்டின் ஐக்கஃப், 1954-இல் உருவான யூ.இ.எஸ்.ஐ. ஆகியவை இந்தியக் கல்லூரிகளில் தலைமுறைகளாக இயங்கிவருகின்றன. வளாகத்துக்குள் கூட அனுமதி இல்லையென்றால் விதியை மீற வேண்டாம். பக்கத்தில் ஒரு குடும்பம் தன் வீட்டு மொட்டைமாடியைத் திறந்துவிடும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல்களில் ஊர்க் கூட்டம் என்ற பெயரில் சாதிக் கூட்டம் உருவாகிறது. கிறிஸ்தவப் பிள்ளைகளும் அதில் சேருகிறார்கள். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு மெஸ்ஸில் சாதி பார்த்து மேசை தேடுவது கிறிஸ்துவை மறுதலிப்பது. உங்கள் ஜெபக்குழுவில் அந்தப் பேச்சு நுழைந்தால் அன்றே நிறுத்துங்கள்.

ஆயுத பூஜை நாளில்

ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். முதல் வருடக் கிறிஸ்தவ மாணவர்கள் அன்று எங்கே ஒளிவது என்று தவிப்பார்கள். ஒளிய வேண்டாம். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் எனக்குக் காட்டிய வழி நல்ல வழி. முந்தின நாள் ஆய்வுக்கூடத்தைக் கழுவ, துடைக்க, நாற்காலி போட முதல் ஆளாகப் போனார். "நான் பூஜை பண்ண மாட்டேன், மத்த வேலை எல்லாம் சொல்லுங்க" என்று தோழிகளிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொன்னார். பூஜை நேரத்தில் ஒதுங்கி மரியாதையாக நின்றார். யாரும் வருத்தப்படவில்லை.

பொரி, கடலையைச் சாப்பிடலாமா என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். கொரிந்து சபையில் இதே மாதிரியான கேள்விக்குப் பவுல் முதல் நிருபத்தில் 8-ஆம், 10-ஆம் அதிகாரங்களில் பதில் எழுதியிருக்கிறார். முழுதாக வாசித்து, உங்கள் மனசாட்சியில் முடிவெடுங்கள். வேறு முடிவெடுத்த சகோதரியை நியாயந்தீர்க்காதீர்கள். கொடுத்தவரின் முகம் வாடும்படி மறுக்கவும் செய்யாதீர்கள்.

நண்பர்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதிலும் இதே மரியாதை வேண்டும். அவர்கள் கேட்கும்போது தயங்காமல் சொல்லுங்கள். அவர்கள் நம்புவதைக் கேலி செய்து ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

கேள்விகளும் சோர்வும்

படிக்கப் படிக்கச் சந்தேகம் வரும். பயப்பட வேண்டாம். சந்தேகப்பட்ட தோமாவைச் சீஷர்கள் துரத்தவில்லை. இயேசுவும் அவருக்காகத் திரும்ப வந்தார். அந்தத் தோமா வந்ததாக மரபு சொல்லும் சின்னமலையும் பரங்கிமலையும் கிண்டிக்கு அருகில்தானே இருக்கின்றன! என் துறையின் அடித்தளமே இரு விசுவாசிகள் போட்டது. 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த ஃபாரடே லண்டனில் ஒரு சிறு சபையின் மூப்பராக இருந்தவர். மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த மேக்ஸ்வெல் ஆழ்ந்த பக்தியுள்ளவர். அவர் முதல் பேராசிரியராக இருந்த, 1874-இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் கதவில், கர்த்தரின் செயல்கள் ஆராயப்படுவதைச் சொல்லும் 111-ஆம் சங்கீத வசனம் இலத்தீனில் செதுக்கப்பட்டது. கேள்விகளை எழுதிவைத்து, படித்த ஒரு மூத்தவரிடம் கேளுங்கள். உடனே பதில் கிடைக்காவிட்டாலும் ஜெபிப்பதை நிறுத்தாதீர்கள்.

அரியர் விழுந்தால் அது கடவுளின் தண்டனை என்று நினைக்கும் தம்பி, தங்கைகளை நிறையப் பார்க்கிறேன். அது தண்டனை அல்ல. மறுபடி படிக்க வேண்டிய பாடம், அவ்வளவுதான். ஜெபம் படிப்புக்கு மாற்றும் அல்ல. ஆனால் தூக்கமும் பசியும் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட தோழிக்காக ஜெபியுங்கள், கூடவே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வழியனுப்பி ஜெபித்த பிள்ளையை முதல் மாதத்திலேயே ஒருமுறை போனில் அழையுங்கள். "ஆலயத்துக்குப் போனியா?" என்பதோடு, "என்ன படிக்கிறே, யாரு கூட சாப்பிடுறே?" என்றும் கேளுங்கள்.

மாணவத் தம்பி, தங்கைகளே, ஆண்டவர் உங்களை அந்தக் கல்லூரிக்கு ஒரு நோக்கத்தோடு அனுப்பியிருக்கிறார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். நன்றாகப் படியுங்கள், உண்மையாக எழுதுங்கள், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாளை காலை வகுப்புக்குப் போகுமுன் ஓர் அதிகாரம் வாசித்து, உங்கள் வகுப்புத் தோழர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போங்கள்.